அம்மா வாசித்த யோவான் 3:16

வெஸ்ட்கிளிஃப் மகள் (சாட்ஸ்வொர்த், டர்பன்) கேட்கிறார்:

என் அம்மா ஏப்ரலில் இறந்துபோனார். வயது 81. கடைசி வரை மாரியம்மனைக் கும்பிட்டவர். நான் 2009-இல் ஞானஸ்நானம் பெற்றேன். மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க எங்கள் போதகர் வந்தார். படத்துக்கு முன் எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு, அண்ணன் காதுபட, "அம்மா இப்போது இருக்கும் இடத்தை நினைத்தாவது நீங்கள் மனந்திரும்ப வேண்டும்" என்றார். இயேசுவைத் தவிர வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்ற அப்போஸ்தலர் 4:12-ஐ வாசித்து ஜெபித்தார். அண்ணன் அவருக்குத் தேநீர் கொடுத்து வாசல்வரை சென்று வழியனுப்பினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன ஒதுக்கல் சட்டம் எங்கள் குடும்பத்தை இங்கே பெயர்த்து அனுப்புவதற்கு முன், மேவில்லில் தமிழ்ப் பாடசாலையில் படித்தவர். பிறகு தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம். நான் விசுவாசத்துக்கு வந்தபோது எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சபையில் தமிழ் வேதாகமம் ஒன்று கொடுத்தார்கள். சமையல் மேசையில் உட்கார்ந்து அதை எனக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அம்மாதான். தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்ற யோவான் 3:16-ஐ முதன்முதலில் அவர் குரலில்தான் கேட்டேன். இன்று இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால், இந்த எழுத்து அவர் போட்டது.

2021 ஜூலைக் கலவரத்தில் ரொட்டியும் பாலும் கிடைக்காமல் ஊரே தவித்தது. பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு சூலுப் பெண்ணுக்கு, வீட்டிலிருந்த அரிசியில் பாதியை அளந்து போட்டார். தெருவில் பலர் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

1 தீமோத்தேயு 4:10 தேவனை "எல்லா மனுஷருக்கும், விசேஷமாக விசுவாசிகளுக்கும் இரட்சகர்" என்கிறது. அந்த "விசேஷமாக" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர்களில் என் அம்மா இல்லையா?

ஃபீனிக்ஸ் மூப்பர் எழுதுகிறார்:

சகோதரி, துக்க வீட்டில் அந்தப் போதகர் பேசியது தவறு. லாசருவின் கல்லறையில் ஆண்டவர் முதலில் அழுதார். ஆனால் உங்கள் கேள்விக்கு நான் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். யோவான் 14:6-இல் "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்பதை நானோ என் சபையோ எழுதவில்லை. 1 தீமோத்தேயு 2:4-இல் எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய சித்தம். சித்தம் வேறு, அதை மனிதன் ஏற்பது வேறு. உங்கள் அம்மா சுவிசேஷத்தைக் கேள்விப்படாதவர் அல்லர். தன் வாயாலேயே வாசித்திருக்கிறார். இதை எழுத என் கை நடுங்குகிறது. என் அப்பாவும் விசுவாசிக்காமல் போனவர். அவருக்காக ஒரு சொல்லை மாற்ற முடிந்திருந்தால் நான் முதலில் மாற்றியிருப்பேன்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர் எழுதுகிறார்:

அக்கா, இந்தக் கேள்வி நம் நேட்டாலுக்குப் புதிதல்ல. நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் ஆயர் ஜான் கொலென்சோ 1861-இல் ரோமர் நிருபத்துக்கு விளக்கவுரை எழுதினார். சுவிசேஷம் எட்டாமல் இறந்தவர்களுக்கு முடிவில்லாத தண்டனை என்ற போதனையை அவர் ஏற்கவில்லை. சூலு மக்களோடு அவர்கள் மொழியில் பழகியவர். அவர்கள் அவரை சோபான்டு, மக்களின் தந்தை, என்று அழைத்தார்கள். 1863-இல் கேப்டவுனில் அவரை விசாரித்து, துர்உபதேசம் என்று பதவி நீக்கம் செய்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. இங்கே புனித பேதுரு ஆலயத்தில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை.

மூப்பர் ஐயாவுக்கு ஒன்று. "எழுதியிருக்கிறது" என்ற உறுதியோடு இந்த நாட்டில் எத்தனை நடந்தது! அப்போஸ்தலர் 17:26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினால் தோன்றப்பண்ணினார், குடியிருப்பின் எல்லைகளையும் குறித்தார். டச்சுச் சீர்திருத்தச் சபையின் இறையியலாளர்கள் எல்லையைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை விட்டுவிட்டார்கள். இன ஒதுக்கலுக்கு அந்த வசனம் நியாயமாயிற்று. 1982-இல் இன ஒதுக்கலை எதிர்த்து பெல்ஹார் அறிக்கையை எழுதியவர்களும் அதே வேதாகமத்தை வாசித்தவர்கள்தாம். வசனம் மாறவில்லை. அதிலிருந்து யாரை வெளியே தள்ளுகிறோம் என்பது நாம் செய்கிற காரியம்.

ஃபீனிக்ஸ் மூப்பர்:

தம்பி, அதை நான் மறுக்கவில்லை. என் மாமா வீட்டையும் அந்த இன ஒதுக்கல் சட்டம்தான் பறித்தது. ஆனால் அவர்கள் வசனத்தில் பாதியை விட்டார்கள் என்றால், யோவான் 14:6-ஐ நாம் விடுவதும் அதே பிழைதானே?

மெரிபேங்க் கமலா எழுதுகிறார்:

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் சபை 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும் மனச்சாட்சிப்படி நடப்பவர்களும் மீட்பு அடைய முடியும் என்று சொன்னது. அதிலும் ஐயா சொல்வது போல, "வாசித்தவர் ஆயிற்றே" என்ற இடத்தில் சிக்கும். ஒன்று கேட்கிறேன் அக்கா: அம்மா வாசித்தார், சரி. வாசித்த பிறகு கிறிஸ்துவை எங்கே பார்த்தார்?

வெஸ்ட்கிளிஃப் மகள்:

கமலா, என்னிடம்தான் பார்த்திருப்பார். ஞானஸ்நானம் பெற்ற பிறகு ஆடி மாதக் கூழை நான் தொட்டதில்லை. அம்மா முந்தின இரவே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, விடியுமுன் எழுந்து காய்ச்சுவார். ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு செம்பு கொண்டுவருவார். விக்கிரகங்களுக்குப் படைத்தது என்று கதவிலேயே நின்று திருப்பி அனுப்பினேன். ஒரு வருடம் மழையில் நனைந்து வந்தார். அப்போதும் அனுப்பினேன். யோவான் 3:16-க்கு நான் அவருக்குக் கொடுத்த விளக்கவுரை அதுதான். அவர் எதை ஏற்கவில்லை, ஆண்டவரையா, என்னையா? மூப்பர் ஐயா, இதைப் பிரித்துச் சொல்ல உங்களால் முடியுமா?

ஃபீனிக்ஸ் மூப்பர்:

முடியாது, மகளே. நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன். அம்மாவை ஆண்டவர் கையில் விடுகிறேன். இதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

வெஸ்ட்கிளிஃப் மகள்:

நேற்று அண்ணனிடம் பேசினேன். இந்த ஆடிக்கு அவரே கூழ் காய்ச்சுகிறார். நான் வருகிறேன் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உன் பங்கை அம்மனுக்குப் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். அம்மாவும் வருடா வருடம் உனக்கு அப்படித்தான் எடுத்து வைத்தார்."