வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்): ‘செக்’ வேறு, ‘ரிவ்யூ’ வேறு. தமிழில் என்ன?

செல்வி:
வணக்கம். கால்பந்து நடுவர் பயிற்சிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. வீடியோ நடுவர் பகுதியில் இடிக்கிறது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிக் கொடுத்த அட்டை: இந்த நான்கையும் அவர் சத்தமில்லாமல் பார்ப்பது செக். பெரிய தவறு தெரிந்து சொன்னபின், மைதான நடுவர் காற்றில் டிவிக் கட்டம் வரைந்து காட்டினால் ரிவ்யூ. ‘சரிபார்ப்பு’, ‘மீளாய்வு’ என்று வைத்திருக்கிறேன்.

அரங்கநாதன்:
மீள் தன்வினை, தானே திரும்புவது. ஆய்வா மீள்கிறது? ‘மறுநோக்கு’ என்போம். மறு என்றால் களங்கமும்தானே, நிலவில் இருப்பது? இரண்டாம் பார்வை, குறை காணும் பார்வை, இரண்டும் ஒரே சொல்லில்.

ஜோசப்:
ஐயா, நிலவு இருக்கட்டும். எனக்கு உதைப்பது சரிபார்ப்புதான். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்–லிவர்பூல். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோலுக்கு ஆஃப்சைட் கொடி, அதாவது பாஸ் கொடுத்த நொடியில் தடுப்பவர்களைத் தாண்டி நின்றார் என்று. வீடியோ அறை பார்த்தது, தாண்டவில்லை, ஆன்சைட். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில் ‘செக் கம்ப்ளீட்’ என்றார்கள். மைதானத்தில் அதைக் கொடி சரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரீகிக் எடுத்து ஆட்டம் ஓடிவிட்டது. ஆட்டம் தொடங்கியபின் இப்படிப்பட்ட தவறுக்குத் திரும்பப் போக நெறிமுறையில் இடமில்லை. கண் பிசகவில்லை, வாய்தான் பிசகியது. ‘சரிபார்ப்பு முடிந்தது’ என்றால் காதில் ‘சரி’தான் விழும். எது சரி, கொடியா கோலா? சொல் எதுவானாலும் கூடவே முடிவையும் சொல்லச் சொல்லிக் கையேட்டில் எழுதுங்கள்.

செல்வி:
அப்போது ‘சோதனை’? இன்னொன்று, வீடியோ நடுவர் தலையிடுவதற்கு அளவுகோலான ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ நீளமாக இருக்கிறது.

அரங்கநாதன்:
வெள்ளிடைமலை இருக்கிறதே அம்மா! வெட்டவெளியில் நிற்கும் மலை. ‘வெள்ளிடைப்பிழை’.

மும்தாஜ்:
பந்து கையில் படும் ஹேண்ட்பாலுக்கு அழகு. ஆஃப்சைடுக்கு அந்த அளவுகோலே கிடையாது, விதிப்படி ஒரு செ.மீ. என்றாலும் கோல் போச்சு. கேமரா நொடிக்கு 50 படம் எடுத்தால், இரு படங்களுக்கு நடுவே 0.02 நொடி. நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 16 செ.மீ. நகர்ந்திருப்பார். தடுப்பவர் எதிர்ப்பக்கம் ஓடினால் இன்னும் கூடும். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தில் பட்டது எந்தப் படத்தில் என்பதை ஒரு மனிதர் தேர்கிறார். 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் வைத்ததே இந்தத் தலைவலிக்குத்தான். தோள்தான் முன்னே நீண்டிருந்தால், ஆஃப்சைடு கோட்டினை அக்குளின் அடிமட்டத்தில் வைத்து இழுக்க வேண்டும். சட்டை தொளதொளத்தால் அதுவும் ஊகம். இதில் எங்கே மலை?

அரங்கநாதன்:
அக்குள், அஃகி உள்ளடங்கியது என்பது என் துணிபு. அஃகுதல் குறுகுதல். விரிவாக எழுதுகிறேன்.

ஜோசப்:
எழுதாதீர்கள் ஐயா. ‘அப்பட்டமான தவறு’ போதும். பதினாறு வயதுப் பையனுக்கும் புரியும்.

மும்தாஜ்:
அதற்கே என் வாக்கும். ஆனால் ஆஃப்சைடைத் தனிப் பத்தியாகப் பிரியுங்கள்.

செல்வி:
சோதனை, மீளாய்வு, அப்பட்டமான தவறு. மூவர் ஒப்புதல், பிரித்தும் எழுதிவிட்டேன். அனுப்புகிறேன்.

அரங்கநாதன்:
அப்பட்டம் தமிழா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்யவும்.