புதுப்பிப்பு: தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லையா?

லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் குறைவுக்கான மாத்திரை) டோஸ் பற்றிய முந்தைய பதிவில் விட்டுப்போனவை இவை. ஒரு திருத்தமும் உண்டு: டோஸ் மாற்றினால் "ஒரு மாதத்தில் டெஸ்ட்" என்று எழுதியது அவசரம். மருந்தின் அரை ஆயுள் (உடலில் அது பாதியாகக் குறையும் காலம்) சுமார் 7 நாள், டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) நிலைப்பட 6 முதல் 8 வாரம் வேண்டும். அதற்கு முன் பார்த்துவிட்டு டோஸைக் கூட்டினால் படபடப்பில் முடியலாம்.

டிஎஸ்ஹெச் எண் இறங்காததற்குச் சில நேரம் காரணம் டோஸ் அல்ல, காபி. மாத்திரையை விழுங்கிய கையோடு டபராவை எடுத்தால் உறிஞ்சுவது குறையும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, 30 முதல் 60 நிமிடம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (ஒரு வைட்டமின்) எடுப்பவர்கள் டெஸ்ட்டுக்கு 2, 3 நாள் முன்பே நிறுத்தணும். இல்லாவிட்டால் ரிப்போர்ட்டே பொய் சொல்லும். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை.

முழு டோஸ் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ என்றால் 100 அளவில் வரும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்குவார்கள்.

எந்த டாக்டர்? சாதாரண ஹைப்போதைராய்டுக்கு (தைராய்டு குறைவுக்கு) பொது மருத்துவரே போதும். கர்ப்பம், இதய நோய், குழந்தைகள் என்றால் எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் சிறப்பு மருத்துவர்). ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) குறைந்தும் டிஎஸ்ஹெச் நார்மல் என்று வந்தாலும் அவரிடமே போங்கள். கோளாறு டிஎஸ்ஹெச்சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கலாம்.