அமெரிக்கால வேற இனக் குழந்தையைத் தத்தெடுக்கணும், ஏஜென்சியை எதை வச்சு முடிவு பண்றது?

எடிசன்வாசி:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், இதான் முதல் கேள்வி, நீளமாப் போனா பொறுத்துக்கோங்க. நியூ ஜெர்சில இருக்கோம், ரெண்டு பேரும் சிட்டிசன், கல்யாணம் ஆகி 9 வருஷம், ஐவிஎஃப் மூணு தடவை பண்ணி உடம்பும் மனசும் ஓஞ்சு போச்சு. இங்க பிறக்கிற குழந்தையைத் தத்தெடுக்கலாம்னு முடிவு. இந்தியக் குழந்தை இங்க அமையறது அபூர்வம்னு தெரியும், அதனால கருப்பினம், ஹிஸ்பானிக், கலப்பு எதுவா இருந்தாலும் சரின்னு பேசி வச்சிருக்கோம்.

ரெண்டு ஏஜென்சி பாத்தோம். முதல்ல பாத்தது ரொம்ப ஸ்வீட்டா பேசினாங்க, ஆனா ஃபீஸ் ஷீட்டைத் திறந்தா ரெண்டு தனித்தனி வரிசை. கருப்பினக் குழந்தைன்னா ஒரு ரேட், மத்ததுக்கு ஒரு ரேட், பாத்ததும் வயித்தை என்னமோ பண்ணிச்சு. ஆனா சீக்கிரம் மேட்ச் ஆகும், அதாவது ஒரு பிறந்த அம்மாவோட நம்மளைச் சேத்து வச்சிருவாங்கங்கிறாங்க. ரெண்டாவது இடத்துல ஃபார்ம் குடுக்கிறதுக்கு முன்னாடியே கேள்வி மேல கேள்வி. உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்ற கருப்பின நண்பர்கள் எத்தனை பேர், உங்க டாக்டர் யாரு, பக்கத்து ஸ்கூல்ல எந்தப் பசங்க படிக்கிறாங்கன்னு. கூடவே ரேஸ், அதாவது இனம், நிறம் பத்தி ஒரு க்ளாஸ் கட்டாயமாம். "நாமளே இங்க பிரவுன், நமக்கு எதுக்கு இந்த க்ளாஸு"ன்னு என் மனைவிக்குக் கோவம், எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஊர்ல அம்மா வேற "கலரைக் கொஞ்சம் பாத்து எடுங்கடா"ன்னுட்டாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அட்லாண்டா_அக்கா:
தம்பி, என் பொண்ணுக்கு இப்ப 7 வயசு, கருப்பினக் குழந்தை, பிறந்த மூணாம் நாள் கைக்கு வந்தா. எங்களையும் இதே மாதிரி குடைஞ்சாங்க, எனக்கும் எரிச்சல்தான். ஆனா அவங்க கேட்டது குழந்தை நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் என்ன நடக்கும்னு. நம்மாளுங்க கூட்டத்துல ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டு வர்ற ஒரு பாட்லக் விருந்துல ஒரு மாமி என் காதுகிட்ட வந்து "இன்னும் கொஞ்சம் வெளுப்பா கிடைக்கலியா"ன்னு கேட்டாங்க, பொண்ணு என் இடுப்புல உக்காந்திருக்கா. பிரவுனா இருக்கிறதால நமக்கு எல்லாம் தெரியும்னு நினைக்காதீங்க, நம்ம வீட்டுக்குள்ளயே அந்தக் கலர் பைத்தியம் உக்காந்திருக்கு.

அப்புறம் முடி. என் மாமியார் நெல்லைல இருந்து வந்தப்ப தேங்காய் எண்ணெயைத் தடவி காஞ்ச முடிய மேல இருந்து சீவி இழுத்தாங்க, பிள்ளை கதறிடுச்சு. எங்க ஏஜென்சி அறிமுகப்படுத்தின ஒரு கருப்பின அம்மாதான் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தாங்க. முதல்ல தண்ணி, அப்புறம் கண்டிஷனர், முடியைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு, அகலப் பல் சீப்பால நுனில இருந்து மேல போகணும், எண்ணெய் கடைசிலதான், ராத்திரி சாட்டின் தொப்பி. ஞாயித்துக்கிழமை அதுக்கே மூணு மணி நேரம் போயிடும். இப்படி ஆளைக் கோர்த்து விடுவீங்களா, குழந்தை வந்து அஞ்சு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டாலும் எடுப்பீங்களான்னு கேளுங்க. பிறந்த அம்மாவோட தொடர்பு வச்சுக்கிற ஓப்பன் அடாப்ஷன் பத்தியும் எப்படிப் பேசுறாங்கன்னு கவனிங்க. அந்தப் பொண்ணை மரியாதையாப் பேசாத இடத்துல கால் வைக்காதீங்க.

ஹூஸ்டன்_கணக்கு:
அந்த ரெண்டு ரேட் விஷயம் புதுசு இல்ல சகோ, 2013லயே என்பிஆர்ங்கிற அமெரிக்க ரேடியோல வந்து பெரிய பேச்சாச்சு. கருப்பினக் குழந்தையைக் கேக்குறவங்க கம்மி அதனால ஃபீஸ் கம்மின்னு நியாயம் சொல்வாங்க, காய்கறிக் கடை மாதிரி. வளர்ந்தப்புறம் பிள்ளை அந்தப் பேப்பரைப் பாத்தா என்ன சொல்லுவீங்க, நான்னா அங்கயே கதவைச் சாத்திருவேன்.

மத்தபடி காசு, சட்டம். ஸ்டேட் லைசென்ஸ் இருக்கான்னு முதல்ல அரசாங்க சைட்ல பாருங்க, கன்சல்டன்ட்னு சொல்லிக்கிட்டு லைசென்ஸ் இல்லாம மேட்ச் பண்றவங்க நிறைய. கான்ட்ராக்ட்ல எது திரும்பி வராதுன்னு வரி வரியாப் படிங்க, ஏன்னா பிறந்த அம்மா மனசு மாறலாம், அது அவங்க உரிமை. உங்க நியூ ஜெர்சில குழந்தை பிறந்து 72 மணி நேரம் ஆகாம அவங்ககிட்ட குழந்தையைக் குடுக்கிற சம்மதக் கையெழுத்தே வாங்க முடியாது, எங்க டெக்சாஸ்ல 48. எங்களுக்கு ஒரு மேட்ச் அப்படித்தான் கடைசி நாள்ல போச்சு, அவங்க செலவுக்குக் குடுத்த பணமும் போச்சு, ஏஜென்சி ஒரு போன் கூடப் பண்ணல. வேற ஸ்டேட்ல பிறந்தா ரெண்டு ஸ்டேட்டும் ஓகே சொல்ற வரைக்கும் குழந்தையோட அங்கயேதான், நாங்க 12 நாள் மோட்டல்ல பாட்டில் கழுவினோம். வரிச்சலுகை உண்டு, 2025க்கு 17,280 டாலர் வரைக்கும், அதுல 5,000 வரைக்கும் வரி கட்டாட்டியும் கையில வரும்.

கோவைக்காரன்77:
தப்பா நினைக்காதீங்க, இவ்ளோ தலைவலி எதுக்கு? இந்திய அரசோட தத்தெடுப்பு அமைப்பு காராவுல பதிஞ்சு நம்ம ஊர்க் குழந்தையே எடுக்கலாமே, முகஜாடையாவது ஒத்துப்போகும்.

அட்லாண்டா_அக்கா:
காராவும் நல்ல வழிதான், வெளிநாட்டு சிட்டிசனான இந்திய வம்சாவளிக்குக் குடுக்கிற ஓசிஐ கார்டு இருந்தா பதியலாம், வருஷக்கணக்குல காத்திருக்கணும். ஆனா தம்பி கேட்டது அது இல்லியே. ஜாடை பாக்குறதா இருந்தா எங்க வீட்ல நான் என் மாமியார் ஜாடையா?

ஓஹையோ_அப்பா:
ஃபாஸ்டர் கேர், அதாவது சொந்த வீட்ல இருக்க முடியாத குழந்தைகளை அரசாங்கம் வேற குடும்பத்துல தற்காலிகமா வளர்க்க விடுற வழி பத்தி யாரும் சொல்லல. நாங்க அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரை அப்படித்தான் எடுத்தோம், செலவு கிட்டத்தட்ட இல்ல, ஆனா முதல் நோக்கம் குழந்தை சொந்த வீட்டுக்குத் திரும்புறதுதான், அதுக்கு மனசு வேணும். அங்க இனத்தைக் காரணம் காட்டி மறுக்கவோ இழுத்தடிக்கவோ கூடாதுன்னு 1994ல சட்டம் போட்டு 1996ல இன்னும் இறுக்கிட்டாங்க. நல்லதுதான், ஆனா அதனாலயே எங்க கேஸ் ஒர்க்கர் ரேஸ் பத்தி வாயே திறக்கல, எல்லாம் நாங்களா தேடிக் கத்துக்கிட்டதுதான். க்ளாஸ் இருக்குன்னு ஒருத்தர் சொன்னா சந்தோஷமாப் போங்க. இன்னொண்ணு, தத்துப் பிள்ளையா வளர்ந்து பெரியவங்களானவங்ககிட்ட பேச வைப்பீங்களான்னு ரெண்டு ஏஜென்சிலயும் கேளுங்க.

எடிசன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஓஹையோ சார் சொன்னதை ரெண்டு இடத்துலயும் கேட்டேன். முதல் ஆளுங்க ஒரு வீடியோ லிங்க் அனுப்பினாங்க, பேபி ஷவர் பலூன், பேக்ரவுண்டுல பியானோ. ரெண்டாவது இடத்துல கேட்டுச் சொல்றோம்னு சொல்லி மறுநாள் ஒரு பொண்ணோட பேச வச்சாங்க, 26 வயசு, வெள்ளைக்காரக் குடும்பத்துல வளர்ந்தவங்க. முக்கால் மணி நேரம் பேசினாங்க. ஸ்கூல்ல 12 வருஷமும் க்ளாஸ்ல தான் ஒருத்திதான் கருப்புன்னும், வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசினதே இல்லன்னும் சொன்னாங்க. போனை வச்சதும் என் மனைவி ஒண்ணும் சொல்லல, லேப்டாப்பை எடுத்து எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கணக்கைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. அந்த க்ளாஸுக்குப் பேர் குடுத்தாச்சு, வர்ற சனிக்கிழமை. அம்மாகிட்டதான் இன்னும் ஒண்ணும் சொல்லல, அக்கா உங்க மாமியார் எப்படி வழிக்கு வந்தாங்கன்னு தனியா மெசேஜ் பண்றேன்.