சீனாவுல கடைசி நாள்: சுவான்சோவும் லீவு போட்ட யானையும்

போன நவம்பர்ல நடந்தது, இப்பத்தான் எழுத நேரம் கிடைச்சுது. எங்க வீட்டுக்காரருக்கு சியாமென்ல ஆபீஸ் வேலை, நானும் ஒட்டிக்கிட்டு போனேன். மத்த நாளெல்லாம் குலாங்யூ தீவு, பீச்சுன்னு ஓடிடுச்சு, கடைசியா ஒரே ஒரு நாள் மிச்சம். அவரு மாலுக்கு போலாம்னாரு, நான் சுவான்சோ போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். (குவாங்சோன்னு படிச்சிடாதீங்க, அது வேற ஊரு.) புல்லட் ட்ரெயின்ல அரை மணி நேரம் சொச்சம்தான்.

ஏன் அவ்ளோ அடம்னா, நான் பொறந்து வளந்தது திருவானைக்காவல். சுவான்சோ கடல் மியூசியத்துல யானை சிவலிங்கத்துக்கு பூ போடுற மாதிரி ஒரு கல்லு இருக்குன்னு எப்பவோ படிச்சிருந்தேன், 700 வருஷத்துக்கு முன்னாடி அங்க யாவாரத்துக்கு போன நம்மாளுங்க கட்டின கோயிலோட கல்லு. 1281ல, குப்லாய் கான் ஆட்சில, கான் உடம்பு நல்லா இருக்கணும்னு சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் அங்க சிவனை எழுந்தருள வெச்சதா தமிழ்லயே கல்வெட்டு கிடைச்சிருக்கு, அடியில மட்டும் சீன எழுத்து. எங்க ஊரு ஸ்தல புராணத்தை சீனாவுல பாக்கறதுன்னா சும்மாவா?

மியூசியம் வாசல்ல போய் இறங்கினா கேட்டு மூடியிருக்கு. திங்கட்கிழமை லீவாம். முன்னாடியே பாத்திருக்கணும், என் தப்புதான். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, சொல்லாம சிரிச்சாரு பாருங்க, அதுதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

சரின்னு காய்யுவான் கோயிலுக்கு போனோம். 686ல ஆரம்பிச்ச புத்தர் கோயில், டிக்கெட் கிடையாது, கிழக்கயும் மேற்கயும் ஒவ்வொரு கல் கோபுரம், ரெண்டுமே 40 மீட்டருக்கு மேல, அண்ணாந்து பாத்தே கழுத்து பிடிச்சுக்கிச்சு. முன்னாடி ஒரே கூட்டம், ஊதுபத்தி புகை, புறா. பெரிய மண்டபத்தை சுத்திக்கிட்டு பின்பக்கம் போனா ஆளே இல்ல, தாழ்வாரத்துல பதினாறு பட்டையில ரெண்டு தூணு. இடிஞ்சுபோன நம்ம கோயில்லேர்ந்து மிங் ராஜவம்சத்து காலத்து ரிப்பேர்ல கொண்டுவந்து நட்டதுன்னு சொல்றாங்க. கிட்ட போய் பாக்கறேன், வட்டத்துக்குள்ள குட்டி கிருஷ்ணன், ரெண்டு மரத்துக்கு நடுவுல. இன்னொண்ணுல காளிங்கன் மேல ஆட்டம், அப்புறம் நரசிம்மர், மடியில இரணியன். எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. அப்படியே தேடிக்கிட்டு வந்தா ஒரு யானையும் இருக்கு, ஆனா அது முதலை கவ்வின கஜேந்திரன்.

எங்க வீட்டுக்காரர் ஸ்ரீரங்கம். சும்மா இருப்பாரா? "உங்க யானை லீவுல போயிடுச்சு, எங்க யானை டூட்டியில இருக்கு பாத்தியா"ன்னாரு. கொள்ளிடத்துல தள்ளி விட்டிருப்பேன், பக்கத்துல இல்ல.

நாங்க தூணை காட்டி காட்டி சண்டை போடறதை பாத்து ஒரு பாட்டி கையில ஊதுபத்தியோட வந்து நின்னாங்க. நான் போன்ல ட்ரான்ஸ்லேட்டரை போட்டு, இந்த பையன் வெண்ணெய் திருடினான், அம்மா உரல்ல கட்டிப் போட்டாங்க, இவன் உரலோட இழுத்து மரத்தையே சாச்சுட்டான்னு சொன்னேன். மெஷின் என்னத்த சொல்லிச்சோ, பாட்டி விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, என் பேரனும் இதே மாதிரிதான்னு போன்ல பதில் சொன்னாங்க. அப்புறம் அந்த தூணுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு போனாங்க.

சாயங்காலம் சுன்பு மீனவர் கிராமம். சிப்பி ஓடு பதிச்ச சுவரு வீடுங்க, பொம்பளைங்க கொண்டையை சுத்தி வளையம் வளையமா பூ வெப்பாங்க, டூரிஸ்டுக்கும் வெச்சு விடுறாங்க. எனக்கு வெச்சு விட்ட அம்மாகிட்ட என் கல்யாண போட்டோவை காட்டினேன், தலை நிறைய மல்லிப்பூ. அவங்க உத்து பாத்துட்டு கேட்டது: "நீயும் மீன் பிடிக்கிற ஊரா?" ஆமான்னுட்டேன், காவிரில மீன் இல்லாமலா.

———

அக்கா, நான் கப்பல்ல வேலை பாக்கறேன், சியாமென்ல கப்பல் நின்னப்ப ஒரு செவ்வாய்க்கிழமை போனேன் (மன்னிச்சுக்கோங்க 😀). அந்த யானை கல்லை பாத்தேன், தும்பிக்கையை லிங்கத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. நீங்க போன அதே கோயில் வளாகத்துல 1974ல கடற்கரை சேத்துலேர்ந்து தோண்டி எடுத்த சோங் ராஜவம்சத்து காலத்து கப்பல் இருக்கே, பாக்கலையா? மிஞ்சினதே 24 மீட்டர், அடியில குறுக்குச் சுவர் வெச்சு 13 அறையா பிரிச்சிருக்கான், ஒண்ணுல தண்ணி வந்தாலும் கப்பல் முழுகாது. நாங்க இன்னைக்கும் ஓட்டறது அதே கணக்குலதான். உள்ள மிளகும் வாசனைக் கட்டையும் கிடைச்சுதாம். ஊருக்கு வெளிய சிதியன் கிராமத்துல நாலு கை அம்மன் ஒண்ணு இருக்கு, காலடியில அசுரன். அங்க அதை குவான்யின்னு (சீன பௌத்தத்துல கருணை தெய்வம்) சொல்லி கும்புடுறாங்க. நானும் செருப்பை கழட்டிட்டு கும்பிட்டேன்.

———

கப்பலை விட்டுட்டேனே தம்பி! அது கிடக்கட்டும், யானை போட்டோ இருந்தா உடனே போடுங்க, வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வர நேரமாச்சு.