குடியை நிறுத்த வீடியோ கால் போதுமா?

மாடிவிளக்கு:
பல நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பத்து வருடமாகக் குடி. இப்போது காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார். இல்லாவிட்டால் கை நடுங்குகிறது. போன வாரம் அவராகவே "விட்டுவிடுகிறேன்" என்றார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டாராம். ஆன்லைன் கவுன்சிலிங் என்றால் சரியாம், வரும் திங்களிலிருந்து ஒரு சொட்டு தொட மாட்டாராம். எனக்கும் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். ஒரே கவுன்சிலரிடம் இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் பலன் இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையசாவி:
சகோதரி, முதலில் அந்தத் திங்கட்கிழமையை நிறுத்துங்கள். காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்றால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பும், காய்ச்சல் அடிக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். எல்லோருக்கும் வராது, வந்து, கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். கீழே விழுகிறவரைக் கேமரா தாங்கிப் பிடிக்குமா?

நான் விட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நானும் ஆன்லைனில்தான் ஆரம்பித்தேன். லேப்டாப் பக்கத்தில் காபி கோப்பை இருக்கும், உள்ளே காபி இருக்காது. ஐந்து வாரம் அப்படி. "நல்ல முன்னேற்றம்" என்று அந்த அம்மா ஒவ்வொரு வாரமும் சொன்னார். மூக்கு இல்லாத வைத்தியம் அது.

ஈரக்காற்று:
திங்கட்கிழமை பற்றி அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். முதல் வாரம் டாக்டருடையது. ஆனால் மிச்சத்தை மூக்கிலேயே முடிப்பது நியாயமில்லை. நான் இந்தத் துறையில் இருக்கிறவள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சூயிங்கம் மென்றுகொண்டே பொய் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குடியை நிறுத்துவது சில நாள் வேலை. நிறுத்தியபடியே இருப்பது வருடக்கணக்கு. சம்பள நாள், ஒரு சண்டை, பழைய கூட்டாளியின் போன்... ஆசை கிளம்புவது இரவு பத்து மணிக்கு. கிளினிக் அப்போது பூட்டியிருக்கும். பதற்றம், மனச்சோர்வு இரண்டுக்கும், ஆலோசகர் கூடவே இருந்து நடத்தும் இணையவழி சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), நேரில் செய்வதற்கு ஏறக்குறைய ஈடாகவே ஆய்வுகளில் வந்திருக்கிறது. (ஆள் இல்லாமல் வெறும் ஆப் என்றால் பாதியில் ஓடிவிடுகிறவர்கள் அதிகம். ஒப்புக்கொள்கிறேன்.)

இன்னொன்று. குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்ததே ஒரு போனில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து ஹோட்டல் லாபியில், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பார். உள்ளே போய்விடாமல் இருக்க, ஒவ்வோர் எண்ணாகப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார்.

பழையசாவி:
மறுநாள் நடந்ததையும் சொல்லியிருக்கலாமே? 15 நிமிடம்தான் என்று கறாராகச் சொல்லிக்கொண்டு வந்த அந்த இன்னொரு குடிகாரர், டாக்டர் பாப் ஸ்மித், ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போனிலேயே பேசியிருந்தால் அந்த 15 நிமிடத்தில் வைத்திருப்பார்.

ஈரக்காற்று:
போன் இல்லாவிட்டால் அந்த அறையே இல்லை.

பழையசாவி:
சரி, போன் வாசல். அந்த வாசலிலேயே பாய் விரித்துப் படுக்கச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பூட்டு:
ரகசியம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. ஆன்லைன் கவுன்சிலிங் நடத்தும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ரகசியம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய தகவல்களை ஃபேஸ்புக் மாதிரி விளம்பரக் கம்பெனிகளோடு பகிர்ந்தது என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டி, 2023ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஃபின்லாந்தின் வாஸ்டாமோ என்ற மனநல நிறுவனத்தில் நடந்தது இன்னும் மோசம். 2020ல், திருடிய குறிப்புகளை வைத்து நோயாளிகளுக்கே மெயில் போட்டு மிரட்டிப் பணம் கேட்டார்கள். சுமார் 33,000 பேருடைய குறிப்புகள். அழுது சொன்னதெல்லாம் எவன் கையிலோ.

ஈரக்காற்று:
பூட்டு, வாஸ்டாமோ நேரில் போகிற மனநல நிலையங்கள் நடத்திய நிறுவனம். நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர்களுடைய குறிப்புகள்தான் கசிந்தன, ஏனென்றால் அவை கம்ப்யூட்டரில் இருந்தன. அதை ஆன்லைன் தலையில் கட்டாதீர்கள். பெட்டர்ஹெல்ப் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

தாழ்வாரம்:
நீங்கள் எல்லோரும் கம்பி வழியாகக் கசிவதைப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் சுவர் வழியாகத்தான் கசிந்தது. தம்பதி கவுன்சிலிங் எட்டு வாரம் எடுத்தோம். அடுத்த அறையில் மாமியார், கதவுக்கு வெளியே பையன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் என் குரல் தானாக இறங்கும். கவுன்சிலர் "கேட்கலை, சத்தமா சொல்லு" என்பார். கடைசியில் நான் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து பேசினேன்.

அதைவிடக் கொடுமை, பேசி முடித்த பிறகு. நேரில் போனால் திரும்பி வருகிற வழி என்று ஒன்று உண்டு. ஆறும். இங்கே லேப்டாப் மூடியைச் சாத்தினால் அதே சோபா, அதே ஆள். "அந்தம்மாகிட்ட என்னைப் பத்தி அப்படியா சொல்லுவே?" என்று அடுத்த நிமிடமே ஆரம்பம்.

பழையசாவி:
இதை நான் யோசித்ததே இல்லை. எனக்குத் தனி அறை இருந்தது. குடிக்கவும் வசதியாக.

ஈரக்காற்று:
தாழ்வாரம் சொன்னதற்கு வாதாட மாட்டேன். அடி உதை இருக்கிற வீடென்றால் சேர்ந்து உட்காரவே கூடாது, திரையிலும் சரி, நேரிலும் சரி. கேமராவுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் பேச ஆரம்பிக்கும்போதே எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள், வீட்டில் வேறு யார், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட என்று கேட்கிறோம். இதைக் கேட்காத கவுன்சிலரை மாற்றிவிடுங்கள்.

மாடிவிளக்கு, ஒரே கவுன்சிலர் வேண்டாம். உங்களுக்குத் தனியாக ஒருவர். கிராஃப்ட் என்று ஒரு முறை உண்டு, ராபர்ட் மேயர்ஸ் வகுத்தது. குடிக்கிறவருக்கு இல்லை, குடும்பத்துக்குப் பயிற்சி. குடிக்காத நேரத்தில் எப்படி நெருங்குவது, குடித்த நேரத்தில் எப்படி விலகுவது, மறுநாள் அவருக்காக ஆபீசுக்குப் பொய் சொல்லாமல் இருப்பது, சிகிச்சை பேச்சை எந்த நேரத்தில் எடுப்பது. 1999ல் வந்த ஓர் ஆய்வில், 130 குடும்பத்தினரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் வீட்டில் குடிப்பவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி ஆளை நிறுத்திக் கேட்கும் முறையில் 30, குடும்பத்தினரை, குடிப்பவர்களின் குடும்பங்கள் கூடிப் பேசும் அல்-அனான் கூட்டத்துக்கு அனுப்பிய பிரிவில் 13. இதைத் திரையில் கற்றுக்கொள்ளத் தடையே இல்லை.

பழையசாவி:
அந்த ஆய்வு நேரில் நடந்தது அம்மா. 1999ல் வீடியோ கால் ஏது?

ஈரக்காற்று:
நேரில்தான். அதே பாடத்தை இப்போது நான் வாராவாரம் திரையில் நடத்துகிறேன். வருகிற பெண்களில் பாதிப் பேர் வீட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வர முடியாதவர்கள். அவர்களிடம் "நேரில் வா" என்பது "வராதே" என்பதுதான்.

பூட்டு:
காருக்குள் உட்கார்ந்தாவது பேசுவார்கள், அப்படித்தானே.

மாடிவிளக்கு:
எல்லாவற்றையும் படித்தேன். வலிப்பு பற்றிய பகுதியை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் ஒரு தடவைதான், நீயும் கூட வரணும் என்றார். நாளை காலை போகிறோம். எனக்கான கவுன்சிலிங்கைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: நாளைக் காலை அவர் குடிக்காமல் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாமா?

பழையசாவி:
வேண்டாம். டாக்டர் சொல்லும் வரை நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் அவர் பாதிதான் சொல்வார். வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

ஈரக்காற்று:
இதற்கு முன்னால் வலிப்பு வந்திருந்தால் அதையும் சீட்டில் எழுதுங்கள்.