மெக்லாக்ளின் பக்கத்துல ஆர்கன் வாசிக்கிற இந்த ஆளு யாரு?

மோர்சிங்_ரசிகன்:
விக்கு விநாயக்ராம் கடத்துக்காக சக்தி பேண்ட் கேக்க ஆரம்பிச்சு, சரி அதுல கிட்டார் வாசிச்ச இந்த ஜான் மெக்லாக்ளின் அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு தோண்டிட்டே போனதுல, 1969ல ட்ரம்மர் டோனி வில்லியம்ஸோட 'லைஃப்டைம்' பேண்ட் போட்ட 'எமர்ஜென்சி!' ஆல்பம் மாட்டுச்சு. ட்ரம்ஸ், கிட்டார், ஆர்கன், மூணே பேரு. கிட்டாரும் ட்ரம்ஸும் அடிச்சுக்கிட்டு கெடக்கு, அந்த ஆர்கன் மட்டும் எங்கயோ பின்னாடி இருந்து புகை மாதிரி கிளம்பி வருது. பேரு லாரி யங்னு போட்டிருக்கு. ராக் ஆளா ஜாஸ் ஆளா? வேற எதெல்லாம் கேக்கலாம்?

பழைய_இசைத்தட்டு:
ஜாஸ் ஆளு தான் பாஸ். 1940ல நியூஜெர்சி நியூவார்க்ல பொறந்தவரு. அப்பல்லாம் ஜாஸ்ல ஹேமண்ட் ஆர்கன்னாலே (கரண்ட்ல ஓடுற ஆர்கன்) ஜிம்மி ஸ்மித்ங்கற ஆளு தான், எல்லாரும் அந்த ப்ளூஸ் ரூட்லயே போவாங்க, இவரும் 1960ல முதல் ஆல்பம் பண்ணப்போ அப்டித்தான். அப்புறம் கொஞ்ச காலம் பாரிஸ்ல வாசிச்சாரு, திரும்பி வந்து 1965 நவம்பர்ல ப்ளூ நோட்ங்கற ஜாஸ் ரெக்கார்ட் கம்பெனிக்கு 'யூனிட்டி' ரெக்கார்ட் பண்ணாரு. எல்வின் ஜோன்ஸ் ட்ரம்ஸ், ஜோ ஹெண்டர்சன் டெனர் சாக்ஸ், வுடி ஷா ட்ரம்பெட். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் சாக்ஸ்ல தேடிட்டு இருந்ததை இவரு ஆர்கன்ல தேடினாரு. அதுல 'மங்க்ஸ் ட்ரீம்' டிராக் வெறும் ஆர்கனும் ட்ரம்ஸும் தான், ஹெட்போன் மாட்டி கேளுங்க. மொதல்ல இதைக் கேட்டுட்டு அப்புறம் எமர்ஜென்சிக்குத் திரும்பிப் போங்க.

லெஸ்லி_சுத்துது:
பேஸ் ஆளு எங்கன்னு தேடாதீங்க, ஹேமண்ட் பி-3ல ரெண்டு வரிசை கீபோர்டுக்குக் கீழ கால்ல மிதிக்கிற பெடல் இருக்கும், பேஸ் அதுலயும் இடது கைலயும் தான் வரும். லைஃப்டைம்ல அந்த வேலையையும் பாத்துக்கிட்டு மேல கார்டை (பல ஸ்வரம் ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிறது) இழுத்துப் பிடிச்சு, ட்ராபாரை (டோனை மாத்த இழுக்கிற கம்பி) நகர்த்தி டோனை மாத்திட்டே இருப்பாரு, அதான் உங்களுக்குப் புகை மாதிரி கேக்குது. இன்னொன்னு, எமர்ஜென்சி ரெக்கார்டிங்கே மோசம், சவுண்டு நெறைய எடத்துல உடையுது. 1970ல க்ரீம் பேண்டோட ஜாக் புரூஸ் பேஸுக்கு வந்தப்புறம் தான் இவரு காலுக்கு ரெஸ்ட்டு 😄 அந்த செட்டு போட்டது 'டர்ன் இட் ஓவர்'.

நடுராத்திரி_கேசட்:
ரெக்கார்டிங் மோசம்னு ஒதுக்காதீங்க ப்ரோ, அந்த உடையற சவுண்டு தான் எனக்கு அந்த ஆல்பமே. கேள்விக்கு வரேன். இவரை மத்தவங்க ஆல்பத்துல தான் ஜாஸ்தி கேட்டிருப்பீங்க, தெரியாமலே. ட்ரம்பெட் வாசிக்கிற மைல்ஸ் டேவிஸோட 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்துல இருக்காரு, ஆனா எலெக்ட்ரிக் பியானோல, அதுவும் சிக் கொரியா, ஜோ ஜாவினுல் கூட சேர்ந்து, யாரு எதை வாசிக்கிறாங்கன்னு பிரிக்கறதே பாடு. ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கூட 1969ல வாசிச்ச ஒரு ஜாம் (முன்கூட்டி எழுதாம சேர்ந்து வாசிக்கிறது) இருக்கு, 1980ல தான் வெளிய விட்டாங்க, ரெண்டு பேருமே அப்ப உயிரோட இல்ல. 1973ல கிட்டாரிஸ்ட் சந்தானாவும் மெக்லாக்ளினும் சேர்ந்து பண்ண 'லவ் டிவோஷன் சரண்டர்'லயும் ஆர்கன் இவரு தான். சில ரெக்கார்டுல காலித் யாசின்னு பேரு போட்டிருக்கும், முஸ்லிமா மாறினப்புறம் வெச்சுக்கிட்ட பேரு, வேற ஆளுன்னு நெனச்சு விட்றாதீங்க. அதே 1973ல சொந்தமா போட்ட 'லாரன்ஸ் ஆஃப் நியூவார்க்' தான் என் சாய்ஸ், தாளவாத்தியம் கும்பலா வரும், உங்க டேஸ்ட்டுக்கு செட் ஆகும். 1978ல போய்ட்டாரு, வயசு 37 தான். கவர்ல பெருசா இருந்த பேரெல்லாம் மத்தவங்களோடது, இதுக்கு மேல யாருக்கு எப்படித் தெரியும்?

மோர்சிங்_ரசிகன்:
யூனிட்டி கேட்டாச்சு. மங்க்ஸ் ட்ரீம்ல பெடலைக் கவனிச்சேன், கை ஒரு பக்கம் ஓடுது கால் அது பாட்டுக்கு நடக்குது, யப்பா. அடுத்து லாரன்ஸ். ஃபியூயல்னு ஒரு ஆல்பமும் காட்டுது, அது எப்படி?

பழைய_இசைத்தட்டு:
அது 1975, ஃபங்க், பாட்டெல்லாம் வரும், சிந்தசைசர் வேற. எனக்கு ஒட்டவே இல்ல. கடைசியா கேளுங்க.

நடுராத்திரி_கேசட்:
எனக்கு ஒட்டுச்சே 🙂