முள்ளியவளைச் சொந்தங்கள்

சித்தி: அத்தான், பள்ளிக்கூடப் பொடியளுக்குக் கோவலன் கூத்துப் பழக்க ஆள் வேணுமாம். உங்களைத்தான் கேக்கினம்.

பெரியப்பா: தொண்டை போட்டுது பிள்ளை. பேச்சே கரகரக்குது. பாடிக் காட்டேலாதவன் என்னத்தைப் பழக்கிறது?

மாமா: ஆற்றையோ நாம்பன் எங்கடை வேலிக்குள்ளை நிக்குது. படம் போட்டிருக்கிறன்.

சித்தி: எங்கடை இல்லை.

நான்: பெரியப்பா, மானுவேல் கார்சியா எண்டு ஒரு ஸ்பெயின்காரர் இருந்தவர். 1805 இலை பிறந்தவர். தகப்பன் பேர்போன ஒபெராப் பாடகர். 1825 இலை குடும்பமாக் கப்பலேறி நியூயோர்க் போய் இத்தாலி ஒபெரா போட்டவை. எங்கடை கூத்து மாதிரித்தான், கதை முழுக்கப் பாட்டு. மகனுக்கு மேடைக்குக் குரல் சரிவரேல்லை. இருபதுகளிலையே விட்டிட்டுப் பழக்க வெளிக்கிட்டார்.

நான்: முதல் பாரிசிலை. 1848 இலை அங்கை புரட்சி வர லண்டனுக்குப் போட்டார். அங்கை தொண்ணூறு வயசு மட்டும் பழக்கினவர்.

சித்தி: பாடாத ஆளிட்டை ஆரடி போனது?

நான்: ஜென்னி லிண்ட் எண்டு சுவீடன்காரி. பாடிப் பாடிக் குரல் கெட்டு 1841 இலை பாரிசுக்கு அவரிட்டை வந்தவ. அவர் உடனை பழக்கேல்லை. கிழமைக்கணக்காப் பாடப்படாது, கதைக்கிறதும் மட்டு எண்டிட்டார். பிறகுதான் பாடம். அதுக்குப் பிறகு ஐரோப்பா முழுக்க அவவின்ரை பேர்தான்.

மாமா: அத்தானை ஒரு நாள் கதைக்காமல் இருக்கச் சொல்லு பாப்பம் 😂

நான்: இன்னும் கேளுங்கோ. 1854 இலை பல்லுப் பாக்கிற குட்டிக் கண்ணாடியைச் சுடுதண்ணியிலை போட்டெடுத்துத் தன்ரை தொண்டைக்குள்ளை வைச்சு, கைக்கண்ணாடியாலை வெயிலைத் திருப்பி அடிச்சுப் பாத்திருக்கிறார். குரல்நாண் திறந்து மூடுறது அப்பிடியே தெரிஞ்சுதாம்.

பெரியப்பா: சுடுதண்ணி ஏன்?

நான்: குளிர்க் கண்ணாடியிலை மூச்சுப் பட்டா மங்கிப்போமெல்லே.

பெரியப்பா: ஓமோம். விண்ணன்தான் ஆள். என்ரை அண்ணாவியாரும் கடைசிக் காலத்திலை ஒரு வரி பாடினதில்லை. மத்தளத்தைத் தட்டிக்கொண்டு, மூச்சு எங்கை விடுறாய் எண்டு மட்டும் கேப்பார். பிழை விட்டவன் திருப்பிப் பாடியே ஆகவேணும்.

சித்தி: அப்ப வாறியளோ?

பெரியப்பா: குரல் உடையிற வயசுப் பொடியள் எத்தினை பேர் எண்டு கேட்டுச் சொல்லு. அவங்களை உச்சத்திலை கத்த விடப்படாது. சனி பின்னேரம் கோயிலடிக்கு வரட்டும். மத்தளம் ஆரிட்டைக் கிடக்கு?

மாமா: இஞ்சைதான். ஒரு பக்கத் தோலை எலி கடிச்சிட்டுது.

பெரியப்பா: மற்றப் பக்கம் காணும். கொண்டா.